பனி உருகும்வரை

நண்பர்களே, வணக்கம்.

கிறிஸ்தவ இறைநம்பிக்கை கலந்த சரித்திரக் காதல் நாவல் என்றதும் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். முத்தம் வர வேண்டிய இடத்தில் ஜெபம் வரும், அவ்வளவுதானே என்கிறார்கள். விரும்பிப் படிக்கிறவர்களும் “விரசம் இல்லாத கதை, வீட்டில் யார் கையிலும் கொடுக்கலாம்” என்றுதான் பதில் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டு பேருமே விஷயத்தைத் தொடவில்லை. படிக்கிறவர்களைக் கட்டிப்போடுவது காத்திருப்பு.

கனடா எழுத்தாளர் ஜேனட் ஓக் 1979-இல் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ நாவலைப் பாருங்கள். அமெரிக்காவில் இந்த வகைக்குப் பெரிய சந்தை உண்டு என்று பதிப்பாளர்களுக்குக் காட்டிய புத்தகம் அது. மேற்கே குடியேறப் போகும் வழியில் மார்ட்டியின் கணவன் இறந்துபோகிறான். அவனைப் புதைத்த அன்றே முன்பின் தெரியாத ஒருவன் வந்து, “என்னைக் கல்யாணம் செய்துகொள்” என்கிறான். அவனும் மனைவியை இழந்தவன். தாயில்லாத சின்னப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. வசந்தம் வந்ததும் ஊர் திரும்ப நினைத்தால் வழிச்செலவு தருகிறேன் என்கிறான். சரி, அவளுக்கு வேறு போக்கிடம் ஏது? கல்யாணம் முதல் சில பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. காதல்தான் பாக்கி. அடுப்பு, கைக்குழந்தை, பனி என்று ஒரு குளிர்காலம் முழுக்க அது வந்து சேரவேண்டும்.

இன்றைய கதையில் இதை எழுதுவது கஷ்டம். போனை எடுத்துப் பேசிவிடுவார்களே! பழைய காலத்தில் கடிதத்துக்கே மாதக்கணக்கு. அமெரிக்காவின் 1862-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனுப் போட்டவர், ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் நிலம் சொந்தமாகும். கல்யாணமாகாத பெண்ணும் மனுப் போடலாம். கணவனோடு வாழ்பவள் தன் பெயரில் போட முடியாது. இப்போது அந்தப் பெண்ணிடம் ஒருவன் காதல் சொன்னால், அவள் கணக்குப் போட மாட்டாளா? இந்த முடிச்சை நன்றாகப் பயன்படுத்துகிற எழுத்தாளரை நான் விடாமல் படிப்பேன்.

எரிச்சலும் உண்டு. கடைசி மூன்று அத்தியாயத்தில் நாயகன் மனந்திரும்புவான் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம், அந்த 160 ஏக்கரில் முன்பு வாழ்ந்த பூர்வகுடிகள் எங்கே போனார்கள் என்று பல நாவல்கள் கேட்பதே இல்லை. பக்தியுள்ள கதைக்கு இது அழகில்லை.

ஆனால் வேதாகமமே இந்த நாவலாசிரியர்களைவிடத் துணிச்சலானது. ஓசியா தீர்க்கதரிசி, தன்னை விட்டுப்போன பெண்ணைப் பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுக்கொள்கிறார். விலையைக்கூட மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்! கணவனை இழந்த ரூத்தோ இரவில், உறவினன் போவாஸின் களத்துக்குப் போய் அவன் காலடியில் படுக்கிறாள். ஆள் முகம் தெரியும் முன்பே எழுந்து, தன் போர்வையில் அவன் அளந்து கொடுத்த வாற்கோதுமையோடு வீடு திரும்புகிறாள். என்ன ஆயிற்று என்று மாமியார் நகோமி கேட்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டு, காரியம் எப்படி முடிகிறதென்று தெரியும்வரை பொறுத்திரு மகளே என்கிறாள்.