இனிப்பு பார்க்க ஆள்

(கீழக்கரையில் கல்லூரி மாணவர்களின் திரைப்படக் குழு ஒன்று தொடங்கிய நாளில், ஒலிப்பதிவாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கீழக்கரையில் மைக்கைப் பிடிக்கிறவர்கள் வள்ளல் சீதக்காதியில்தான் தொடங்குவார்கள். செத்தும் கொடுத்தவர். அவரைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். கொடுத்தவர்கள் கதை நமக்கு நிறையத் தெரியும். நான் என்னிடம் வேலை வாங்கியவர்கள் கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

எனக்குப் பாம்பன். அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். ராமநாதபுரத்தில் பள்ளி விடுதியில் என் பக்கத்துக் கட்டில் இந்த ஊர்ப் பெண். பெருநாளுக்கு அவள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் பிரியாணி வரும். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா சீனி போட்டுக் கொடுப்பார். கிறிஸ்துமஸுக்கு அதே வாளி கேக்கோடு இந்தப் பக்கம் வரும். பல வருடம் இப்படி நடந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாளிதான் வீட்டுக்குள் போய் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாசலோடு சரி.

கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் 1995இல் தொடங்கிய திரைப்பட நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவு படிக்கப் போனேன். போன புதிதில் ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு அறைத்தோழி என்னை உலுக்கி எழுப்பினாள். வங்காளத்துப் பெண். கையில் ரேடியோ. சங்கு முழங்கியது, பிறகு ஒரு ஆண்குரல் சமஸ்கிருதத்தில் ஏறிக்கொண்டே போனது. அன்றைக்கு மகாளய அமாவாசை. நம் ராமேஸ்வரம் தீவில் அக்னி தீர்த்தக் கரையில் அந்த நாளில் கால் வைக்க இடம் இருக்காது, உங்களுக்கே தெரியும். அதே அமாவாசையில் வங்காளம் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பிரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல். 1931இல் தொடங்கிய நிகழ்ச்சி. 1976இல் அந்தக் குரலை எடுத்துவிட்டு, அங்கே உச்ச நட்சத்திரமான உத்தம் குமாரைப் பேச வைத்துப் பார்த்தார்கள். சனம் கொதித்துப்போனது. பழைய குரலே திரும்பி வந்தது. நட்சத்திரத்தைவிடப் பழகிய குரல் பெரிது என்று ஒரு ஊரே சொன்ன கதை. ஒலிப்பதிவு படிக்க வந்தவளுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்குமா? எனக்கோ அந்த இருட்டில் கீழக்கரைதான் ஞாபகம் வந்தது. நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பத் தெருவில் தப்ஸ் மேளம் அடித்துக்கொண்டு வருவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருந்தாள். நான் கேட்டதே இல்லை. நாற்பது சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் வளர்ந்தும் கேட்டதே இல்லை.

துர்கா பூஜை வந்தது. சியால்தா ரயில் நிலையத்துக்கு வெளியே டாக் வாசிக்கிறவர்கள் கிராமங்களிலிருந்து வந்து கூட்டமாக நிற்பார்கள். தோளில் தொங்கும் பெரிய மேளம், அதில் இறகுகள் செருகியிருக்கும். பூஜைக்காரர்கள் வந்து கேட்டுப் பார்த்து, பேரம் பேசி அழைத்துப் போவார்கள். நான் பதிவுக்கருவியும் நீளக் கம்பில் மைக்குமாகப் போனேன். முதல் அடியிலேயே அளவுமானி சிவப்புக்குப் போய்விட்டது. ஒலி உடைந்து தகரம் மாதிரி கேட்டது. குறைத்து வைத்தால் மற்ற சத்தம் எதுவும் இல்லை. இரண்டு நாள் இப்படியே கெடுத்தேன்.

தோழியின் தெருப் பந்தலிலும் அதே கதை. பந்தலுக்குப் பின்னால் பெண்கள் அஷ்டமிப் படையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கம்பை நீட்டிக்கொண்டு அவர்கள் தலைக்கு மேல் நிற்கிறேன். ஒரு பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். மாசி என்று கூப்பிடுவார்கள். நமக்கு மாசி என்றால் மாசிக்கருவாடு, அங்கே அம்மாவின் அக்கா தங்கை. மாசி கேட்டது இதுதான்: "அந்தக் குச்சியை வைத்துவிட்டு உட்காரேன், பூசணிக்காய் நிறையக் கிடக்கிறது."

உட்கார்ந்து பார்த்தால், முன்னால் இருப்பது நம் அரிவாள்மணை! அவர்கள் போன்டி என்கிறார்கள். பெயர்தான் வேறு. ஒரு காலை மடக்கி, பலகையை மிதித்துக்கொண்டு நான் நறுக்க ஆரம்பித்ததும் மாசிக்கு ஆச்சரியம். தோழி நகரத்தில் வளர்ந்தவள், அவளுக்குக் கத்தியும் பலகையும்தான் தெரியும். பாம்பனில் மீன் அரிந்த கை எனக்குப் பூசணிக்காயில் பயன்பட்டது. அரை மணி நேரத்தில் அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். மருமகள் சண்டை, வாடகை, யார் எந்தப் புடவை எல்லாம் வெளியே வந்தது. கம்பு நீட்டியிருந்தவரை வராத பேச்சு. கருவி மூலையில் அணைந்து கிடந்தது, ஒரு வார்த்தை பதிவாகவில்லை. இன்றைக்கும் வயிறு எரியும்.

தம்பிகளே, உங்களில் பாதிப் பேர் சந்தனக்கூட்டுக்கு ஏர்வாடி போவீர்கள், கேமராவும் எடுத்துப் போவீர்கள். போங்கள். ஆனால் கேமராவோடு நிற்கிறவனுக்குச் சாப்பாடு போடுவார்கள், மரியாதை செய்வார்கள், 'தம்பி வெளிச்சத்துக்கு வாங்க' என்று இடமும் விடுவார்கள். வேலை மட்டும் சொல்ல மாட்டார்கள். வேலை சொல்லாத வீட்டில் நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. அப்துல் கலாம் தன் சிறுவயதைப் பற்றி எழுதும்போது சொல்கிறார். ராமேஸ்வரத்தில் சீதாராம கல்யாணத்தன்று சுவாமி சிலைகளை ராமதீர்த்தக் குளத்தின் நடுவில் இருக்கும் கல்யாண இடத்துக்குக் கொண்டுபோகும் படகை, அதற்கென்று மேடை கட்டி, அவர் குடும்பம்தான் ஏற்பாடு செய்யுமாம். இதை எத்தனையோ மேடையில் நல்லிணக்கம் என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை கொஞ்சம் பெரிதாகப் படுகிறது. படகுக்கார வீட்டுக்குப் படகு வேலை வந்தது. அவ்வளவுதான், அதுதான் அழகு.

சரி, அடுத்தது. இரண்டாம் வருடம் மே மாதம் தோழி பாம்பனுக்கு வந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு மீன்தான். அம்மா ஆசையாக விளைமீன் குழம்பு வைத்தார். வங்காளத்துக்காரி, மீன் இல்லாமல் சோறு இறங்காதவள், முகர்ந்து பார்த்துவிட்டுக் கடல் வாடை அடிக்கிறது என்றாள்! அவர்களுக்கு ஆற்று மீன் வேண்டும். உயிராய் நினைக்கிற இலிஷ்கூட, நம்மவர்கள் உல்லம் என்கிறோமே, கடலிலிருந்து ஆறேறி வந்த பிறகுதான் அவர்களுக்கு ருசி. நான் மொழிபெயர்க்காமல் மழுப்பினேன். முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் அம்மா பேசாமல் அம்மியைக் காட்டினார். "உன் ஊர்ல எப்படி வைப்பீங்களோ, வை." அவள் கடுகை உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்து அரைத்தாள், கசக்காமலிருக்க அப்படித்தான் அரைப்பார்களாம். கசந்தது. அம்மா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வாரம்தான் பெருநாள். பக்கத்துக் கட்டில்காரியின் வீட்டுக்கு முதல்நாளே போய்விட்டோம். முதல்முறையாக வாசலைத் தாண்டினேன். பின்கட்டில் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி. மலாய்க்காரர்கள் டோடோல் என்கிறார்கள். கப்பலில் போய் வந்த ஊரின் பண்டம். எண்ணெய் பிரிந்து, கையில் ஒட்டாமல் வரும்வரை அகப்பை நிற்கக் கூடாது. நின்றால் அடிப்பிடிக்கும்.

அங்கே ஒரு சிக்கல். கிண்டுகிறவர்கள் எல்லாரும் நோன்பு. இனிப்பு சரியா என்று பார்க்க ஆளில்லை. வழக்கமாக வீட்டுச் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவார்களாம், அது ஓடிப்போய்விட்டது. லாத்தாவுக்கு, நாங்கள் அக்கா என்கிறோமே, எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா, வாங்கம்மா, நோன்பில்லாத வாய் ரெண்டு கிடைச்சிருச்சு!" ஒரு பாம்பன் கிறிஸ்தவப் பெண், ஒரு வங்காளத்துப் பெண், இருவரையும் பலகை போட்டு உட்கார வைத்துக் கரண்டியில் ஆற்றி ஆற்றித் தந்தார்கள். நான் போதும் என்றேன். அவள் இன்னும் கருப்பட்டி வேண்டும் என்றாள். வங்காளத்து நாக்கு. அவள் பேச்சுதான் எடுபட்டது. அந்த வருடத் தொதல் கொஞ்சம் தித்திப்பு தூக்கலாக இருந்தது என்று இந்த ஊரில் யாராவது குறை சொல்லியிருந்தால், இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

பிறகு அகப்பையும் கைக்கு வந்தது. பூசணிக்காய் பாடம் மறக்கவில்லை. பதிவுக்கருவியை ஓடவிட்டு ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்தான் கிண்டினேன். ஒலி வகுப்பில் போட்டபோது மைக் தள்ளியிருக்கிறது, அடுப்பு இரைச்சல், யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று மதிப்பெண் குறைத்தார்கள். தொழில்படி அவர்கள் சொன்னது சரி.

அதைத்தான் இப்போது போடப்போகிறேன். மூன்று நிமிடம். முதலில் அகப்பை பாத்திரத்தின் அடியை உரசும், பிறகு கலவை கெட்டியாக ஆக அந்தச் சத்தம் கனத்துக்கொண்டே போகும். நடுவில் "கையை நிறுத்தாதம்மா" என்று ஒரு குரல், அது லாத்தா. மூச்சு வாங்குவது நான். யாராவது அந்த மின்விசிறிகளைக் கொஞ்சம் நிறுத்துங்கள், தம்பி.