இணையத்தில் இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை: நம் ஆய்வேடுகளின் கதை

[திரையில்: ரெக்ஸின் அட்டை போட்ட தடித்த ஆய்வேடு, முதுகில் தங்க எழுத்து]

வணக்கம். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வீட்டு அலமாரியில் இப்படி ஒரு புத்தகம் கண்டிப்பாக இருக்கும். பல வருட உழைப்பு. முன்பெல்லாம் நாலைந்து பிரதிகள்தான் பைண்ட் ஆகும். நூலகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, நெறியாளருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அதற்கப்புறம் யாரும் தொட மாட்டார்கள்.

நான் படிக்கிற காலத்தில் ஏரிப் பாசனம் பற்றிய ஓர் ஆய்வேட்டைப் பார்ப்பதற்காகவே ராத்திரி பஸ் பிடித்து வேறு ஊருக்குப் போனேன். நூலகத்தில் துறைத்தலைவர் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். ஜெராக்ஸ் கூடாது, போட்டோ கூடாது என்றார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து, மடைகளின் பெயர்ப் பட்டியல் நாலு பக்கத்தையும் பென்சிலால் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஊர்ப் பெரியவர்கள் வாயால் சொன்ன பெயர்கள் அவை. சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள்கூட அதைப் படிக்க வழியில்லாமல் ஒரு பூட்டிய அறைக்குள் இருந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

[திரையில்: ஷோத்கங்கா முகப்பு]

இந்த நிலையை மாற்றியது 2009இல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியைப் பல்கலைக்கழகங்கள் ஒப்படைக்க வேண்டும் என்றது. 2016 விதியும் 2022 விதியும் அதை இன்னும் இறுக்கின: பட்டம் அறிவிப்பதற்கு முன்பே மின்படி போய்ச் சேர வேண்டும். போய்ச் சேருகிற இடம் குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம். அவர்கள் நடத்தும் களஞ்சியம்தான் ஷோத்கங்கா. ஷோத் என்றால் இந்தியில் ஆய்வு. இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. 2009க்கு முந்தைய பலவற்றையும் பல்கலைக்கழகங்கள் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கின்றன. படிக்கக் காசு கிடையாது, கல்லூரி அடையாள அட்டையும் வேண்டாம்.

எல்லாமே அங்கே இருக்காது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் (ஐ.ஐ.எஸ்சி.) தன் ஆய்வேடுகளுக்குத் தனிக் களஞ்சியம் வைத்திருக்கிறது. வேளாண்மை என்றால் அதற்கென்று இருக்கும் கிருஷிகோஷ் என்ற களஞ்சியத்தில் தேட வேண்டும்.

சரி, 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' வந்துவிட்டதே, இனி எல்லாமே இலவசம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அது வேறு. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டுவதற்காக 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டம் அது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு ஆய்வு நிறுவனங்களிலும் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அது சந்தா. பட்டியலில் உள்ள நிறுவனத்தில் நீங்கள் இருந்தால் படிக்கலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும், ஊர் வரலாறு எழுதும் விவசாயிக்கும் அந்தக் கதவு திறக்காது. ஓப்பன் ஆக்சஸ் என்பது யார் என்று கேட்காமல் படிக்க விடுவது. அந்த வகையில் நம் ஊர் வாசகருக்கு ஷோத்கங்காதான் நெருக்கம்.

[திரையில்: ஓர் ஆய்வேட்டின் கோப்புப் பட்டியல்]

உள்ளே போய்ப் பார்ப்போம். ஆய்வேடு ஒரே கோப்பாக இருக்காது. 01 தலைப்புப் பக்கம், 02 சான்றிதழ் என்று வரிசையாகத் தனித்தனி பி.டி.எஃப். கடைசியில் 80 என்ற எண்ணில் 'ரெக்கமண்டேஷன்' என்று ஒன்று இருக்கும். தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்த கோப்பு அது. அவசரமாக இருந்தால் முதலில் அதைத் திறங்கள். ஆய்வில் கடைசியாக என்ன கிடைத்தது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

தமிழில் எழுதிய ஆய்வேடு ஒன்றைத் திறக்கிறேன். எழுத்து அழகாகத் தெரிகிறது. 'அம்மா' என்ற சொல்லை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டுகிறேன்.

[திரையில்: ஒட்டிய இடம் பெரிதாகத் தெரிகிறது]

என்ன விழுந்திருக்கிறது பாருங்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கில எழுத்துகள்! காரணம், இது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் கண்ணுக்கு அம்மா. கணினிக்கு அது தமிழே இல்லை. ஆக, இந்த முந்நூறு பக்கத்துக்குள் இருக்கும் ஒரு சொல்லைக்கூட எந்தத் தேடுபொறியாலும் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்குப் புரியவைக்கும் குறியீட்டு முறை யூனிகோடு. அதைத் தரமாகத் தமிழ்நாடு அரசு 2010இலேயே அறிவித்துவிட்டது. அதற்கப்புறமும் டி.டி.பி. கடைகளில் பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆய்வாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். அச்சில் நன்றாக வந்தால் போதும் என்றுதான் அவர்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

தலைப்பிலும் இதே தொல்லை. தமிழ்த் தலைப்பைப் பல பதிவுகளில் ஆங்கில எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள். 'பெண்ணியம்' என்று எழுத ஒருவர் ஒரு 'என்' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். தேடுகிறவர் எல்லா விதமாகவும் எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் இப்போது ஆய்வேடு முடிக்கும் கட்டத்தில் இருந்தால், தட்டச்சு செய்பவரிடம் முதல் நாளே யூனிகோடு என்று சொல்லிவிடுங்கள். பழைய எழுத்துருவில் பாதி முடிந்திருந்தாலும் பரவாயில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் போட்டால் மாறிவிடும், ஒருமுறை பிழை பார்த்தால் போதும். பி.டி.எஃப். ஆக்கியதும் ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்து மட்டும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள், ஊர்ப் பெயர்களையும் கலைச்சொற்களையும் திறவுச்சொல்லாகச் சேருங்கள்.

திருடிவிடுவார்களே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அலமாரியில் இருப்பதை எடுத்து எழுதினால் யாருக்கும் தெரியாது. இணையத்தில் இருப்பதை எடுத்து எழுதினால், வேறு எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள். 2018 யு.ஜி.சி. விதிப்படி ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே நடவடிக்கைக்கு வழி இருக்கிறது. சோதனை மென்பொருளால் படிக்க முடிகிற எழுத்தில் உங்கள் ஆய்வேடு இருக்க வேண்டும். பாமினியில் இருந்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

[திரையில்: பழைய நோட்டு, பென்சில் எழுத்து]

நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த அந்த ஆய்வேடு இப்போது ஷோத்கங்காவில் இருக்கிறது. பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஸ்கேன் படமாகத்தான் இருக்கிறது, மடையின் பெயரைப் போட்டுத் தேடினால் வராது. அதனால் போன வாரம் என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நாலு பக்கப் பட்டியலை யூனிகோடில் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு பக்கம் முடிந்திருக்கிறது.