இடைநிலை வகுப்பைத் தாண்டி நேரே ஸ்கேட்டிங் கற்கலாமா? கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஒஸ்லோவில் வசிக்கும் சகோதரி ஒருவர் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். கடந்த குளிர்காலத்தில் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கின் தொடக்கநிலை வகுப்பை முடித்த அவர், சொங்ஸ்வான் ஏரிப் பக்கம் சமதரையில் தயக்கமின்றிப் போய்வருகிறார். ஆனால் ஏற்றத்தில் பலகை பின்னோக்கி வழுக்குகிறது. இறக்கம் வந்தால் பலகைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார். பள்ளியில் பழகிய மகன், அதே பனிச்சறுக்கில் பலகையைப் பக்கவாட்டில் தள்ளிப் போகும் ஸ்கேட்டிங் முறையில் விரைந்து போவதைப் பார்த்து, இடைநிலையை விட்டுவிட்டுத் தாமும் நேரே ஸ்கேட்டிங் வகுப்பில் சேரலாமா என்று கேட்கிறார்.

இப்போது சேர வேண்டாம் என்பதே என் பதில். சமதரையில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதை வைத்துப் பலரும் தமது நிலையை மதிப்பிடுகிறார்கள். பயிற்றுநரோ, இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா, ஒற்றைக் காலில் முழு எடையையும் தாங்கிச் சறுக்க முடிகிறதா என்ற இரண்டையுமே முதலில் பார்ப்பார். உங்களுக்கு இந்த இரண்டும் இன்னும் கைவரவில்லை.

முதலில் இறக்கம். மலைச்சரிவில் இறங்கும் ஆல்பைன் சறுக்கில் குதிகால் பூட்டப்பட்டிருக்கும். பலகையின் ஓரத்தில் எஃகு விளிம்பும் இருக்கும். நம்முடைய மெல்லிய பலகையில் முன்பாதம் மட்டுமே பிணைந்திருக்கிறது, தடப் பலகைகளில் பெரும்பாலும் எஃகு விளிம்பும் கிடையாது. ஆகவே நிறுத்துவதைத் தனியாகப் பழகித்தான் ஆக வேண்டும். முழங்கால்களை மடக்கி, பலகைகளின் முனைகளை நெருக்கி, குதிகால்களை வெளியே தள்ளி, உள்விளிம்புகளால் பனியை அழுத்தும் முறையைத் தொடக்கநிலையிலேயே காட்டியிருப்பார்கள். இரு பலகைகளுக்குமாகப் பனியில் வெட்டிய இணைத் தடத்துக்குள் இறங்கும்போது அதை அப்படியே செய்ய இயலாது. ஒரு காலைத் தடத்திலேயே விட்டு, எடையை அதன்மேல் வைத்து, மற்றக் காலை வெளியே தூக்கிச் சாய்வாக வைத்துக் குதிகாலைத் தள்ள வேண்டும். வேகம் ஏறுவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். ஏறிய பிறகு காலைத் தூக்க மனம் வராது. கழற்றி நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஓரமாக நடங்கள். சப்பாத்துக் குழிகள் பின்னால் வருபவரை விழுத்திவிடும்.

அடுத்தது ஏற்றத்தில் வழுக்குவது. இதில் குற்றம் உங்களுடையதா, பலகையுடையதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பலகை நடுவில் வில்போல் மேலே வளைந்திருக்கும். பனியைப் பற்றும் மெழுகோ தோல்பட்டையோ அந்த வளைவின் அடியில்தான் இருக்கும். இரண்டு கால்களிலும் எடை சமமாக இருக்கும்போது அப்பகுதி பனியை அழுத்தாது. முழு எடையும் ஒரே காலுக்கு மாறும்போதுதான் பற்றும். வீட்டில் சமமான தரையில் பலகைகளின்மேல் நின்று, பாதத்துக்கு நேர்கீழே ஒரு காகிதத்தை நுழைத்து வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். இரு காலில் நிற்கும்போது அது தாராளமாக நகர வேண்டும். ஒரு காலில் நிற்கும்போது சிக்கிக்கொள்ள வேண்டும். ஒரு காலில் நின்றும் காகிதம் நகர்ந்தால் பலகை உங்கள் எடைக்கு மிகவும் விறைப்பானது. எத்தனை வகுப்புக்குப் போனாலும் வழுக்கவே செய்யும். காகிதம் சிக்கினால், எடை மாற்றத்தில்தான் குறை என்று ஓரளவு உறுதியாகக் கொள்ளலாம். அதற்கு மருந்து, ஊன்றுகோல்கள் இல்லாமல் மென்மையான ஏற்றத்தில் பழகுவது. நோர்வேயில் சிறுவர்களை முதலில் கோல் இல்லாமல் விடுவதற்கும் இதுவே காரணம்: கோல் இருந்தால் கை உழைத்துக் காலின் குறையை மறைத்துவிடும்.

இடைநிலை வகுப்பின் பெரும்பகுதி இந்த எடை மாற்றம்தான். இரு கோல்களையும் சேர்த்துத் தள்ளுவது, செங்குத்தான ஏற்றத்தில் முனைகளை விரித்து ஏறுவது ஆகியவை கூடவே வரும்.

ஸ்கேட்டிங் முறை, அமெரிக்கரான பில் கோக் 1982இல் உலகக் கோப்பையை வென்ற காலத்தில்தான் பந்தயங்களில் பரவத் தொடங்கியது. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் அதற்கும், நீங்கள் இப்போது பழகும் நேர்த்தட முறையான கிளாசிக்குக்கும் தனித்தனிப் போட்டிகள் நடந்தன. ஸ்கேட்டிங்கில் பற்றும் மெழுகே இல்லை. ஒரு பலகையின் உள்விளிம்பால் பக்கவாட்டில் தள்ளி மற்றப் பலகையில் மட்டும் நின்று சறுக்க வேண்டியிருப்பதால், ஒற்றைக் கால் சமநிலை இல்லாதவருக்கு அது மூச்சுவாங்கும் வேலையாகவே முடியும்.

நீங்கள் சேரும்போது, 1883இல் தொடங்கப்பட்டு ஒஸ்லோக் காடுகளின் தடங்களைப் பராமரித்துவரும் ஸ்கீஃபோரெனிங்கன் என்ற பனிச்சறுக்குச் சங்கம் நடத்தும் வகுப்பானாலும் வேறு வகுப்பானாலும், ‘ஓராண்டு பழகியிருக்கிறேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். இறக்கத்தில் கழற்றி நடக்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மகனின் ஸ்கேட்டிங் கோல்களை இரவல் வாங்க வேண்டாம். சுமார் 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குக் கிளாசிக் முறைக்கு 135 சென்டிமீட்டர் அளவிலான கோல் போதும். ஸ்கேட்டிங் கோல் அதைவிடப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு நீளமாக இருக்கும். ஸ்கேட்டிங் பலகை வாங்குவதை அடுத்த குளிர்காலம்வரை ஒத்திப்போடலாம். அதற்குள் ஆசை வந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.