அம்மி நகர்ந்த கதை

(சிட்னியின் மேற்குப் பக்கத்தில், ஒரு தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியது. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதியதால் மேடையில் சொன்னதைவிட ஒன்றிரண்டு கூடியும் இருக்கும், குறைந்தும் இருக்கும்.)

முதலில், இந்த மண்டபம் நிற்கும் நிலத்தின் மூத்த குடிகளான தாருக் மக்களுக்கும் அவர்களின் முன்னோருக்கும் என் வணக்கம். விழாத் தலைவர் ஐயா அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே (அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ‘வணக்கம்’ சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் பாதிப்பேரைவிட ‘ண’ அவருக்கு நன்றாக வருகிறது), மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த அதிபர் அவர்களே, சனிக்கிழமைக் காலைத் தூக்கத்தை வருடக்கணக்காக மறந்துவிட்ட ஆசிரியர்களே, வடை எப்போது வரும் என்று பின்வரிசையில் காத்திருக்கும் அப்பாமாரே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி. இந்த வெக்கையில் அதைக் கையில் தந்திருந்தால் இன்னும் நன்றி சொல்லியிருப்பேன்.

தலைவர் தந்த தலைப்பு ‘மாறிவரும் அவுஸ்திரேலியர்கள்’. சமூகம், அரசியல், அடையாளம் என்று மூன்று பகுதியாகப் பேசப்போகிறேன். இருபது நிமிடம் தந்திருக்கிறார். நாலு நிமிடம் வணக்கத்தோடு போய்விட்டது.

ஆனால் முதலில் சொன்ன வணக்கம் சும்மா சொன்னதல்ல. நான் 1986இல் வந்து இறங்கியபோது எந்த மேடையிலும் அப்படி ஒரு வணக்கத்தைக் கேட்டதில்லை. 1967 வரை, நாட்டின் சனத்தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்த வருடம் மே 27ஆம் திகதி பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘எடுத்து எறி அந்த வரியை’ என்றார்கள். பத்து வருடத்துக்கு மேலாகக் கையெழுத்து மனுவோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் வாங்கித் தந்த தொண்ணூறு அது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். என் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்தப் பழமொழி வராமல் நான் மேடையிலிருந்து இறங்கியதில்லை. இன்றைக்கு அதற்கு ஒரு கதையும் வைத்திருக்கிறேன்.

1989. என் அம்மா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து வருகிறார். பெட்டியில் சேலை நாலு, மிளகாய்த்தூள், ஒடியல், அவற்றுக்கு அடியில் ஒரு அம்மி. பெரிய அம்மி இல்லை, மருந்து அரைக்கிற சின்னது, குழவி கைப்பையில். சிட்னி விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்து கல்லைத் தூக்குகிறார், வைக்கிறார், திரும்பத் தூக்குகிறார். ‘இது என்ன?’ அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துக் காட்டுகிறார். அவர் உடுப்புத் தோய்க்கிற கல் என்று நினைத்துவிட்டார்! இந்த நாட்டில் உடுப்புத் தோய்க்க மெஷின் இருக்கிறது அம்மா என்று அவர் சொல்ல, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்திருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா இன்னும் வேகமாக அரைப்பது மட்டும் தெரிகிறது. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரிக்குப் பிரச்சினை கல் அல்ல, கல்லின் அடியில் ஒட்டியிருந்த மண். நம்ம ஊர் மண் ஒரு சிட்டிகைகூட இந்த நாட்டுக்குள் வரக் கூடாது. (மண்ணை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் விடுகிறார்கள் என்று அம்மா பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.) அவரே ஒரு பிரஷ் எடுத்து, அரை மணி நேரம், மேசையில் வைத்துத் தேய்த்தார். தேய்க்கும்போது, எங்கள் நொன்னாவிடமும் இப்படி ஒரு கல் இருந்தது, கலாப்ரியாவில் இருந்து கப்பலில் கொண்டுவந்தார் என்றார். இத்தாலியர்கள் அப்பாவின் அம்மாவையும் அம்மாவின் அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல் திரும்பக் கைக்கு வந்தது. காருக்குப் போகும்போது அம்மா சொன்னார்: ‘அடி மேல் அடி ஒண்டும் தேவையில்லையடா, பிளேனில ஏத்தினாலும் அம்மி நகரும்.’

இன்னும் முடியவில்லை. ஞாயிறு காலையில் அம்மா பின்முற்றத்தில் இஞ்சி தட்டும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். முதல் ஆறு மாதம் ‘குட்டே’ (இந்த நாட்டு ‘வணக்கம்’) கூட இல்லை. ஒருநாள் வேலிக்கு மேலால் ஒரு பை எலுமிச்சம்பழம் வந்தது. அடுத்த கிழமை இங்கிருந்து ஒரு போத்தல் சம்பல் போனது. சாகும்வரை அவர் அந்தப் போத்தலைக் கழுவித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார், நிரப்பித் தரச் சொல்லி.

சரி, சமூகம் முடிந்தது. அரசியலுக்கு வருவோம். 1949 ஜனவரி 26 வரை சட்டப்படி அவுஸ்திரேலியக் குடிமகன் என்று ஒருவருமே இல்லை. எல்லோரும் பிரித்தானியப் பிரஜைகள். ‘அட்வான்ஸ் அவுஸ்திரேலியா ஃபேர்’ அதிகாரபூர்வ தேசிய கீதமானது 1984இல்தான். இன்றைக்கு இத்தாலியத் தகப்பனின் பெயரோடு ஒரு பிரதமர், மலேசியாவில் பிறந்த வெளிநாட்டமைச்சர். அதற்காக நேர்கோட்டில் முன்னேறிக்கொண்டே இருக்கிறோம் என்று நான் சொல்ல மாட்டேன். 1999இல் குடியரசு வேண்டாம் என்றார்கள். 2023இல், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஆதிக்குடிகளின் ‘குரல்’ என்ற அமைப்புக்கு ஆறு மாநிலமும் வேண்டாம் என்றன. 2025 ஆகஸ்ட் 31இல் குடிவரவுக்கு எதிராக ஊர்வலம் போனவர்களின் துண்டுப்பிரசுரத்தில் இந்தியர்களைப் பெயர் சொல்லியே எழுதியிருந்தது. அதே நாட்டில்தான் பிலோயிலா இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் ஒரு சின்ன ஊர். 2018இல் விடிகாலையில் அங்கிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தை நாடு கடத்தவென்று அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். ‘எங்கள் ஊர்க் குடும்பத்தைத் திருப்பித் தா’ என்று அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் நாலு வருடம் கத்தினார்கள், 2022இல் திருப்பி வாங்கினார்கள். அடி மேல் அடி. நான் முழுதாகச் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். ஐந்து நிமிடமாம். அடையாளத்தை விட்டுவிட்டு நான் வந்த காரியத்துக்கு வருகிறேன், அதுவும் அடையாளம்தான்.

1901இல் இந்த நாடு ஒன்றாக ஆன உடனே போட்ட சட்டங்களில் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் கறுப்பன் வராதே என்று எங்கும் எழுதவில்லை. ஐம்பது சொல்லை அதிகாரி வாசிப்பார், வருபவர் எழுத வேண்டும், எந்த ஐரோப்பிய மொழியில் என்று அதிகாரி தீர்மானிப்பார். அவ்வளவுதான் பூட்டு. 1934இல் எகான் கிஷ் என்று செக் நாட்டு எழுத்தாளர், ஹிட்லருக்கு எதிராகப் பேச வந்தவர். இறங்க விடவில்லை, மெல்பேர்னில் கப்பலில் இருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். அவருக்குப் பல மொழி தெரியும், ஆகவே ஸ்கொட்லாந்து கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள். உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. சோதனை 1958 வரை இருந்தது, வெள்ளையருக்கு மட்டும் என்ற கொள்கையின் மிச்சத்தை 1973இல் பிரதமர் விட்லமின் அரசு துடைத்தது. இப்போது அதே அரசாங்கம் சனத்தொகைக் கணக்கெடுப்பு என்று வீட்டுக்கு வந்து, நீ என்ன மொழி பேசுகிறாய் என்று கேட்கிறது. வெளியே தள்ளுவதற்கல்ல, எண்ணுவதற்கு.

நாங்கள் என்ன செய்கிறோம்? ‘ஆங்கிலம் மட்டும்’ என்று போடுகிறோம்! பிள்ளை தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது, ஆகவே ஆங்கிலமாம். 2016இல் வீட்டில் தமிழ் என்று சொன்னவர்கள் சுமார் 73 ஆயிரம். 2021இல் 95 ஆயிரத்தைத் தாண்டியது. உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூட என்பது என் எண்ணம், இந்த மண்டபத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பல மொழிகளில் ஒலிபரப்பும் எஸ்பிஎஸ் வானொலி எந்த மொழிக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பதே இந்தக் கணக்கை வைத்துத்தான். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கேட்கப் போனாலும் முதலில் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். 2026 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை இரவுதான் கணக்கெடுப்பு. பிறந்த நாடு இலங்கையோ இந்தியாவோ மலேசியாவோ, இங்கே சிட்னியின் ப்ளாக்டவுனோ, மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று எழுதுங்கள். சின்னப் பிள்ளைக்கும் சேர்த்து.

வாசல் பக்கத்து மேசையில் மாதிரிப் படிவம் வைத்திருக்கிறேன். வயதானவர்களுக்கு ஒன்லைனில் நிரப்பிக் கொடுக்க இருபது இளைஞர்கள் வேண்டும். இதுவரை ஏழு பெயர் வந்திருக்கிறது, அதில் மூன்று என் பேரப்பிள்ளைகள். அம்மியும் கொண்டுவந்து அந்த மேசையில்தான் வைத்திருக்கிறேன், தாள் பறக்காமல் இருக்க. தலைவர் எழும்பிவிட்டார். பெயர் எழுதுகிறவர்களுக்கு வடை முதல் வரிசையில்.