ரோட்டோரமா நிக்கற 4500 வருஷத்துக் கல்லுங்க | ஏவ்பரி, இங்கிலாந்து வ்லாக்

மக்களே வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க? இங்க காத்து கொஞ்சம் ஜாஸ்தி, மைக்ல பஞ்சு மாட்டிருக்கேன், அப்படியும் நடுநடுல உஸ்ஸுன்னு கேக்கும், பொறுத்துக்கோங்க. இப்ப நான் இருக்கறது இங்கிலாந்துல வில்ட்ஷயர், ஏவ்பரின்னு ஒரு கிராமம், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பி4003னு ஒரு சின்ன ரோடு. ஸ்டோன்ஹெஞ்ச் எல்லாருக்கும் தெரியும், அது இங்கருந்து தெக்கால 30 கிலோமீட்டர் வாக்குல இருக்கு, அங்க டிக்கெட் எடுத்து கயித்துக்கு வெளிய நின்னு பாக்கணும். இங்க அப்படி எதுவுமே இல்ல. கேமராவ திருப்பறேன் பாருங்க.

தெரியுதா? இந்த ரோடு, அதுக்குப் பக்கத்துல வேலி, வேலிக்கு அந்தாண்ட புல்லு, அந்தப் புல்லுல ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து கல்லு நிக்குது பாருங்க, அப்படியே வரிசையா மேட்டுல ஏறி அந்தப் பக்கம் எறங்கிப் போயிட்டே இருக்கு. இதுக்குப் பேரு வெஸ்ட் கென்னட் அவென்யூ. கி.மு. 2500 வாக்குல நட்டதுன்னு சொல்றாங்க, அப்போ இந்த நாட்டுல இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது, எழுத்துன்னு ஒண்ணே கிடையாது. கார்காரங்க பாட்டுக்கு பக்கத்துலயே போறாங்க, டிராக்டர் போகுது, இதோ இப்ப ஒரு வேன் போச்சு கேட்டுச்சா, அந்தாளு திரும்பிக்கூட பாக்கல, தினம் பாக்கறவர் போல.

சரி கேட்டைத் திறந்து உள்ள போலாம். கேட்டை சாத்திட்டு வரணும், ஆடு மேயுது. யாரும் கேக்க மாட்டாங்கன்னு திறந்து போட்டுட்டு வந்துடாதீங்க, வெளிய ரோடு இருக்கு.

இப்ப இந்தக் கல்லுகிட்ட வந்துட்டேன். என் தலைக்கு மேல நிக்குது. இந்தக் கல்லை சார்சன்னு சொல்வாங்க, மணல் இறுகி இறுகிக் கல்லானது, ரொம்ப ரொம்ப கெட்டி. இத செதுக்கவே இல்ல, ஸ்டோன்ஹெஞ்ச்ல மாதிரி சதுரமா தட்டி மழமழன்னு ஆக்கல, மேட்டு நிலத்துல எப்படிக் கெடந்துச்சோ அப்படியே தூக்கிட்டு வந்து நட்டுருக்காங்க. கிட்ட காட்டறேன், இந்த ஓட்டைய பாருங்க, என் விரலு முழுசா உள்ள போகுது. இதோ இன்னொண்ணு, இது இந்தப் பக்கம் ஆரம்பிச்சு உள்ளுக்குள்ள வளைஞ்சு போகுது. மனுஷன் போட்டதில்ல இது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இது வெறும் மணலா இருந்தப்போ மேல மரம் செடி வளந்து வேரு விட்டுருக்கு, அந்த வேரு போன வழிதான் இது, மணல் கல்லாயிடுச்சு, வேரு மக்கிப் போச்சு, வழி மட்டும் நின்னுடுச்சு. மேல மஞ்சளும் சாம்பலுமா படர்ந்திருக்கே, அது பாசி மாதிரி ஒண்ணு, லைக்கன், அதை சுரண்டக் கூடாது. கீழ பாருங்க, கல்லோட இந்த முனையில ஆட்டு மயிரு ஒட்டிட்டிருக்கு, இதுல வந்து முதுகு சொறியும் போல, அந்த எடம் மட்டும் பளபளன்னு இருக்கு!

இப்ப இந்த ஜோடிய பாருங்க, இந்தப் பக்கம் ஒல்லியா நெட்டையா ஒரு கல்லு, எதிர்த்தாப்ல அகலமா, டைமண்ட் ஷேப்ல, ஒரு முனை மட்டும் மண்ணுல நிக்கற மாதிரி ஒண்ணு. பல ஜோடி இப்படித்தான் இருக்கு. ஆண் பெண்ணுன்னு நெனச்சு வெச்சாங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க சிலர் சொல்வாங்க. ரெண்டுக்கும் நடுவுல சுமார் 15 மீட்டர் இருக்கும், தாராளமா ஊர்வலம் போலாம். மொத்தம் நூறு ஜோடி கிட்ட இருந்திருக்கு, ரெண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு. இத்தனை கல்லையும் கயிறு கட்டி, நம்ம ஊர் தேருக்கு வடம் பிடிக்கற மாதிரி ஊரே சேந்து இழுத்தாதான் வந்திருக்கும், ஒரு குடும்பம் ரெண்டு குடும்பத்தால முடியற வேலையே இல்ல இது.

எதுக்குப் பண்ணாங்கன்னு கேப்பீங்க. கமெண்ட்ல கண்டிப்பா யாராச்சும் இது நம்ம ஊர் குத்துக்கல் மாதிரியான்னு கேப்பீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். நம்ம பக்கம் இருக்கற கல்வட்டம், பலகைக் கல்லால பெட்டி மாதிரி கட்டின கற்பதுக்கை, குத்துக்கல் எல்லாம் பெரும்பாலும் இரும்புக் காலத்துது, செத்தவங்களுக்காக வெச்சது. இது அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, இதுக்கும் அதுக்கும் தொடர்பு கிடையாது. இங்கயும் சில கல்லுங்க அடியில மனுஷங்களைப் புதைச்சிருக்காங்க, பக்கத்துல பானை வெச்சு, தோண்டினப்போ கெடைச்சுது. ஆனா எல்லாக் கல்லுக்கும் அடியில அப்படி இல்ல. அதனால இது கல்லறைன்னு சொல்லிட முடியாது, நடந்து போற பாதையாதான் தெரியுது, ஏவ்பரி ஊர்ல இருக்கற பெரிய கல்வட்டத்தையும் அந்தக் கோடில இருந்த இன்னொரு வட்டத்தையும் சேக்கற பாதை.

இப்ப நான் முக்கியமா காட்ட வந்தது இதுதான். இங்க வாங்க. இது கல்லு இல்ல, கான்க்ரீட். என் இடுப்பு உயரம்கூட இல்ல, மேல கூம்பா இருக்கு, அவ்ளோதான். பாத்தா ஏதோ எல்லைக்கல்லுன்னு தாண்டிப் போயிடுவோம். ஆனா இந்த இடத்துல ஒரு கல்லு நின்னுச்சு, இப்ப இல்ல, அதுக்குத்தான் இந்த அடையாளம்.

எங்க போச்சு? ரெண்டு தடவ அழிச்சிருக்காங்க. முதல்ல 14ஆம் நூற்றாண்டு வாக்குல, பக்கத்துல பள்ளம் தோண்டி கல்லைக் கவுத்து மேல மண்ணைப் போட்டு மூடிட்டாங்க, பழைய சாமி சமாச்சாரம்னு பயந்து பண்ணிருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. புதைச்சதாவது பரவால்ல, கல்லு முழுசா உள்ள இருந்துச்சு. 17, 18ஆம் நூற்றாண்டுல வந்தவங்க உடைச்சே புட்டாங்க. எப்படித் தெரியுமா, கல்லைப் பள்ளத்துல சாய்ச்சு கீழ வைக்கோலைப் போட்டு கொளுத்துவாங்க, நல்லா காஞ்சதும் மேல கோடு இழுத்த மாதிரி பச்சத் தண்ணிய ஊத்துவாங்க, விரிசல் விடும், அப்புறம் பெரிய சம்மட்டியால ஓங்கி அடிச்சா துண்டு துண்டாயிடும். அந்தத் துண்டை எடுத்து வீடு கட்டினாங்க, சுவரு வெச்சாங்க. ஊருக்குள்ள போனதும் காட்டறேன், இன்னும் அந்த வீடெல்லாம் இருக்கு, ஆளுங்க குடியிருக்காங்க.

இது நடந்துட்டிருக்கும்போதே ஒருத்தர் இங்க வந்தாரு. வில்லியம் ஸ்டியூக்லி, டாக்டர். 1719லருந்து ஒரு அஞ்சாறு வருஷம் திரும்பத் திரும்ப வந்தாரு, ஒரு பக்கம் கல்லை உடைச்சுட்டிருக்காங்க, இவரு நின்னு வரையறாரு, அளக்கறாரு, எந்தக் கல்லு எங்க நின்னுச்சு, எது போன வருஷம் போச்சு, யார் உடைச்சாங்கன்னு பேரோட எழுதி வெக்கறாரு. தடுக்க முடியல அவரால, எழுத முடிஞ்சுது. ட்ரூயிட் பூசாரிங்க கட்டின கோயில்னு அவர் நெனச்சாரு, அது தப்பு, இந்தக் கல்லுங்க அவங்களை விட ரெண்டாயிரம் வருஷம் பழசு. ஆனா அந்த வரைபடம் இருக்கே, அதுதான் எல்லாத்தையும் காப்பாத்துச்சு.

இந்த அவென்யூ போய் முடியற எடம் ஓவர்ட்டன் மேடு, அங்க சாங்க்சுவரின்னு ஒரு கல்வட்டம் இருந்துச்சு. 1720கள்ல ஸ்டியூக்லி கண்ணு முன்னாடியே அதை மொத்தமா அழிச்சாங்க, நிலத்தை உழுதாச்சு, எங்க இருந்துச்சுன்னே தெரியாம போச்சு. 1930ல மாட் கன்னிங்டன்னு ஒரு அம்மா, தொல்லியல் பண்றவங்க, அந்தப் படத்தை வெச்சுத் தேடி எடத்தைக் கண்டுபிடிச்சாங்க. இன்னொண்ணு, ஊருக்கு மேற்கால பெக்காம்ப்டன் பக்கமும் இதே மாதிரி ஒரு கல் பாதை இருந்துச்சுன்னு ஸ்டியூக்லி எழுதிருந்தாரு. அங்க இப்ப நிக்கறது ரெண்டே கல்லு, ஆதாம் ஏவாள்னு கூப்பிடறாங்க. அதனால பல பேர் நம்பல, மனுஷன் சொந்தமா கற்பனை பண்ணிட்டாருன்னு இருநூறு வருஷத்துக்கு மேல சொல்லிட்டிருந்தாங்க. 1999ல தோண்டினாங்க, கல்லு நட்ட குழியும் புதைச்ச கல்லும் வந்துச்சு. அவர் சொன்னது சரி! எனக்கு இதைப் படிச்சப்போ அவ்ளோ சந்தோஷம், யாரோ எனக்குத் தெரிஞ்சவருக்கு நியாயம் கெடச்ச மாதிரி இருந்துச்சு.

இந்த அவென்யூவை திரும்ப நிறுத்தினவர் வேற, அலெக்சாண்டர் கீலர், குடும்பமே மார்மலேட் ஜாம் வியாபாரத்துல சம்பாதிச்ச பணக்காரங்க. அந்தக் காசுல இங்க நிலம் வாங்கி 1934, 35ல தோண்டினாரு. விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் கல்லு நின்னுட்டிருந்துச்சு அப்போ. புதைஞ்சு கெடந்ததை வெளிய எடுத்து அதே குழியில நிமித்தி வெச்சாரு. உடைஞ்சு போன கல்லுக்கு பதிலா வேற கல்லைக் கொண்டாந்து நட்டு எடத்தை ரொப்பிருக்கலாம், பணம் இருந்துச்சு, கல்லும் மேட்டுல கெடக்கு. பண்ணல. இந்தச் சின்ன கான்க்ரீட்டை வெச்சுட்டு விட்டுட்டாரு. நான் ரொம்ப மதிக்கறேன் அதை. எது பழசு எது புதுசுன்னு வர்றவனுக்குத் தெரியணும், எவ்ளோ போச்சுன்னும் தெரியணும். அதே ஆளு பெரிய வட்டத்துக்குள்ள இருந்த சில வீடுகளை வாங்கி இடிச்சாரு, கல்லு நல்லா தெரியணும்னு. அது எனக்கு ஒப்பல, அதுவும் ஊர்தானே, ஜனங்க வாழ்ந்த எடம்தானே.

உங்க ஊர்ப் பக்கம் காட்டுல, ரோட்டோரத்துல இப்படி நட்ட கல்லோ கல்வட்டமோ இருந்தா ஒரு போட்டோ எடுத்து லொக்கேஷனோட எழுதி வெச்சுக்கோங்க, குவாரி வர்றதுக்கு முன்னாடி, நிஜமா சொல்றேன்.

சரி, நடந்து ஊருக்கு வந்தாச்சு. இது பெரிய வட்டம், உலகத்துலயே பெரிய கல்வட்டம் இதுதான், குறுக்கே 330 மீட்டர் கிட்ட. சுத்தி இருக்கற பள்ளத்தைப் பாருங்க, இதுவே இவ்ளோ ஆழம், முன்னாடி 9 மீட்டர் இருந்துச்சு, மான் கொம்பை வெச்சு சுண்ணாம்புப் பாறையைக் குத்திக் குத்தி எடுத்திருக்காங்க. வட்டத்துக்குள்ளயே ஊரு, ரோடு, ஒரு பப் எல்லாம் இருக்கு.

இந்தக் கல்லுக்கு பார்பர் ஸ்டோன்னு பேரு. 1938ல கீலர் இதை எடுக்கறப்போ அடியில ஒரு எலும்புக்கூடு, கூடவே கத்திரிக்கோலு, ஊசி மாதிரி ஒரு வைத்தியக் கருவி, 14ஆம் நூற்றாண்டு வெள்ளிக்காசு. முடி வெட்டிட்டு வைத்தியமும் பாக்கற ஆளுன்னு முடிவு பண்ணாங்க, கல்லைப் புதைக்கும்போது மேல விழுந்து செத்தாருன்னு கதை. அந்த எலும்பை லண்டனுக்குக் கொண்டு போயிருந்தாங்க, ரெண்டாம் உலகப் போர்ல அங்க குண்டு விழுந்தப்போ அது அழிஞ்சுடுச்சுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, அப்புறம் 1990கள் கடைசில லண்டன்லயே ஒரு மியூசியத்துல பத்திரமா இருக்கறது தெரிஞ்சு திரும்ப ஆராய்ஞ்சாங்க. கல்லு நசுக்கின அடையாளம் இல்லன்னாங்க. அப்போ எப்படி செத்தாரு, யாரு இங்க கொண்டாந்து போட்டா, வீட்டுல தேடிருப்பாங்களே. எனக்கு இங்க வந்தா அவர் ஞாபகம்தான் வருது.

கடைசியா இது, வடக்கு வாசல், ஸ்விண்டன் ஸ்டோன். 60 டன்னுக்கு மேலன்னு கணக்கு சொல்றாங்க, ஒரு முனையில நிக்குது, ஒருக்காலும் விழல, யாராலயும் தள்ளவும் முடியல. பக்கத்துல ரோடு, அவ்ளோ கிட்டத்துல லாரி போகுது.

வர்றவங்களுக்கு: ஸ்விண்டன்லருந்து பஸ் இருக்கு, இறங்கினா ஊருக்குள்ளயே இறங்கலாம். கார்ல வந்தா ஊருக்கு முன்னாடி கார் பார்க்குல போட்டுட்டு நடங்க, பி4003 ஓரத்துல புல்லுல ஏத்தி நிறுத்தாதீங்க, அடியில தோண்டாத எடம் எல்லாம் இருக்கு, டயர் பட்டு நாசமாகுது. கல்லைப் பாக்க காசு கிடையாது, தொடலாம், மேல ஏறக் கூடாது. புல்லு எப்பவும் ஈரம்தான், நல்ல ஷூ போட்டுக்கோங்க. கீலர் பேருல ஒரு சின்ன மியூசியம் இருக்கு, அதுக்கு டிக்கெட் எடுக்கணும். அடுத்த வீடியோல சில்பரி மேடும் பக்கத்துல இருக்கற பழைய கல்லறையும் போறேன், அந்தக் கல்லறைக்குள்ள நுழைஞ்சு பாக்கலாம், டார்ச் கொண்டு வந்திருக்கேன். பாப்போம் மக்களே, டாட்டா.