ஆராய்ச்சி மணி அறுந்தபோது

நேயர்களுக்கு வணக்கம்.

டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில், மலை மந்திருக்குப் பக்கத்துக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, இரவுக் காவலுக்கு நேபாளத்துக்காரர் ஒருவர் இருந்தார். 2005 பிப்ரவரி முதல் வாரம் தினமும் டெலிபோன் பூத்துக்குப் போய் முகம் வாடித் திரும்புவார். ஊருக்கு லைனே கிடைக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா அரசைக் கலைத்து, ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, தொலைபேசியைத் துண்டித்திருந்தார். எஃப்.எம். நிலையங்கள் செய்தி சொல்லவும் தடை. வானொலியில் பேசுகிறவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

மன்னரை எதிர்த்து ஜனங்கள் எப்போது எழுகிறார்கள்? பசி வந்தால் எழுந்துவிடுவார்கள் என்கிறோம். பசியும் காரணம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பசித்தும் பொறுத்துப் போயிருக்கிறார்களே! அதிகாரிகள்தான் மோசம், ராஜா காதில் விழுந்தால் சரிசெய்துவிடுவார் என்ற நம்பிக்கை அவர்களைத் தாங்கியது. மனுநீதிச் சோழன் வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணி அந்த நம்பிக்கைதான். 1905 ஜனவரியில் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் ஜார் மன்னரின் படத்தைத் தூக்கிக்கொண்டு மனு கொடுக்கப் போனார்கள். மணி அடிக்கப் போனவர்களைச் சிப்பாய்கள் சுட்டார்கள். மன்னர் அன்று அந்த அரண்மனையிலேயே இல்லை. 12 வருஷம் கழித்து, அதே நகரத்தில் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். இந்த முறை மன்னருக்கு மனு எழுத யாருக்கும் மனமில்லை. சிப்பாய்களும் சுட மறுத்து ஜனங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

நேபாளத்திலும் அறுந்தது அந்த மணிதான். ஏழு கட்சிகளும், ஆயுதம் ஏந்திப் போராடிவந்த மாவோயிஸ்ட்டுகளும் மன்னருக்கு எதிராக 2005 நவம்பரில் உடன்பாடு கண்டது நம் டெல்லியில். ஆனால் கட்சிகள் மட்டும் கூப்பிட்டு அத்தனை கூட்டம் வந்திருக்காது என்பது என் எண்ணம். 2006 ஏப்ரலில் ஊரடங்கை மீறிக் காத்மாண்டு ரிங் ரோடில் லட்சக்கணக்கில் திரண்டார்கள். அரசு ஊழியர்கள்கூட வந்தார்கள். ஏப்ரல் 21 அன்று அதிகாரத்தைத் திருப்பித் தருவதாக மன்னர் சொன்னார். ஒரு வருஷம் முன்பு சொல்லியிருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள். இப்போது யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போராட்டம் தொடங்கிய 19ஆம் நாள், கலைக்கப்பட்டிருந்த நாடாளுமன்றம் திரும்ப வந்தது.

2008 மே 28 அன்று 240 வருஷ மன்னராட்சியை அரசியல் நிர்ணய சபை வாக்கெடுத்து முடித்துவைத்தது. நாராயண்ஹிட்டி அரண்மனை அருங்காட்சியகமானது. எங்கள் காவலர் லீவில் ஊருக்குப் போனபோது மனைவியோடு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். சிம்மாசன மண்டபத்தில் ரொம்ப நேரம் நின்றார்களாம்.