ராயபுரத்திலிருந்து ரயில் புறப்படட்டும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களே, மழை வரும்போல் இருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மூன்று செய்திகள் சொல்ல வேண்டும்: ராயபுரம் நிலையத்தின் வரலாறு, அங்கே உழைத்த தொழிலாளர்கள், அதன் எதிர்காலம்.

1853-இல் பம்பாயில் ரயில் ஓடியது. மறு ஆண்டு ஹவுராவில். தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது நம் ராயபுரத்திலிருந்து! 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு தொடங்கி வைத்தார்; ஜூலை 1 முதல் ஆற்காட்டுப் பக்கம் உள்ள வாலாஜா ரோடு நிலையம் வரை மக்கள் பயணம் போனார்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பம்பாயிலும் ஹவுராவிலும் அந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. நம்முடையது உயர்ந்த தூண்களோடு அப்படியே நிற்கிறது. அப்புறம் 1873-இல் சென்ட்ரல் வந்தது, 1908-இல் எழும்பூர் வந்தது, ராயபுரம் ஓரங்கட்டப்பட்டது. ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

போன மாதம் கல்லூரி மாணவர் ஒருவரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். தூண்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். காசிமேட்டு மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு மின்சார ரயிலுக்குக் காத்திருந்த ஒரு அம்மா, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இது என்னாத்துக்கு?" முதல் ரயில் வாலாஜாவுக்குப் போன கதையைச் சொன்னோம். அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "வாலாஜாவுக்கா? என் பொண்ணக் கட்டிக் குடுத்ததே அங்கதான்! பேரனைப் பாக்க நான் மூட்டையத் தூக்கினு சென்ட்ரலுக்கு ஓடுறேன். வெள்ளக்காரன் காலத்துல இங்கியே ஏறலாமா? அப்ப தூண எடுத்தது போதும்பா, வண்டி வுடச் சொல்லி எழுது!"

சரி, இதைவிட நான் என்ன பேசிவிடப் போகிறேன்? 2005-இல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள், மனமார்ந்த நன்றி. ஆனால் சுண்ணாம்பு அடித்தால் போதாது, ஐயா. வெளியூர் வண்டிகள் இங்கிருந்து கிளம்ப வேண்டும். நிலையத்தை ஒட்டி ரயில்வேக்குப் பரந்த இடம் இருக்கிறது. தண்டையார்ப்பேட்டையில் இருப்பவரும் திருவொற்றியூரில் இருப்பவரும் நெரிசலில் சென்ட்ரலுக்குப் போய்த்தான் ஏற வேண்டுமா? ஏறிய ஏணியை எட்டி உதைத்தது போதும், ராயபுரத்தை முனையமாக்குங்கள்!

தொழிலாளர்களைப் பற்றி இன்னொரு மேடையில் விரிவாகப் பேசுகிறேன். வாசலில் கோரிக்கை மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடாமல் யாரும் போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.